கடை இல்லாத ரேஷன் அட்டை

பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன எல்லைக்கோடு எவ்வளவு விசித்திரமானதுன்னு பாகூர், மண்ணாடிப்பட்டு பக்கம் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்தது தமிழ்நாடு, திரும்பவும் புதுச்சேரி. இன்னிக்கு அந்தக் கோட்டை ஒரு அரிசிப் பையை வெச்சுப் பார்க்கலாம்.

முதல்ல 1998-க்குப் போவோம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவோட ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோட, வில்லியனூரை மையமா வெச்சு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்குச்சு. போன் லைனை நம்ப முடியாத காலம், அதனால வயர்லெஸ். நெல் விலை, உர விலை, அரசுத் திட்டங்கள் எல்லாம் தமிழ்ல. எம்பலத்துல மையத்துக்கு இடம் கொடுத்தது கோயில். வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில மீனவர்களுக்கு வாசிச்சாங்க. எனக்கு இதுல முக்கியமாப் படறது கம்ப்யூட்டர் இல்லை. அதை வாசிச்சுச் சொல்ல ஊருக்குள்ளயே ஒரு ஆள் இருந்தார், அதுதான்.

அடுத்து 2015 செப்டம்பர். சண்டிகர், புதுச்சேரி: இந்த யூனியன் பிரதேசங்கள்ல உணவு தானியத்துக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம்னு மத்திய அரசு ஆரம்பிச்சது, 2016-ல தாத்ரா நகர் ஹவேலியும் சேர்ந்தது. காரணம் சொத்தையானது இல்லை. போலி அட்டை, எடைக்குறைவு, கடத்தல் எல்லாம் நிஜம். புழுத்த அரிசி வேண்டாம்னா பிடிச்ச அரிசியை வாங்கிக்கலாம்.

மாநில அரசோட இலவச அரிசி இதுக்கு வெளியே தனியா இருந்தது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. அரிசியாவே கொடுக்கணும்னு முதல்வர் நாராயணசாமி. பணமாத்தான்னு துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போச்சு. கடைசியில ஜெயிச்சது பணம்: கிலோ 30 ரூபாய் கணக்குல 600, 300.

கணக்கு சரிதான், ஆனா நடை? முன்னாடி கடைக்கு ஒரு நடை. பணமா மாறினதும், வந்துச்சான்னு பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க இன்னொண்ணு, அப்புறம் மளிகைக் கடை. பஸ் காசும் அரை நாள் கூலியும் அந்த 600-லதான் கழிஞ்சது. வெளியே அரிசி விலை ஏறினா 600 தானா ஏறாது. இந்த மூணு பிரதேசங்கள்லயும் 2016, 2017-ல நடந்த ஆய்வுல, கணக்குல பணம் போட்டாச்சுன்னு அரசு சொல்ற நேரத்துல வரலைன்னு சொன்ன பயனாளிகளும் இருந்தாங்க. போகப்போக பணமே பரவாயில்லைன்னு சொன்னவங்க கூடினாங்க, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா கிட்டயே ஏ.டி.எம். இருக்கிற நகரவாசிக்கும் பாகூர் பக்கத்துப் பாட்டிக்கும் 'வசதி'ங்கிற சொல் ஒண்ணு இல்லை.

இதுக்கு நடுவுல எல்லைக்கு அந்தப் பக்கம், 2011 ஜூன்ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில அரிசி இலவசம். ஒரே தண்ணி, ஒரே வயல், பொண்ணு கொடுத்து எடுத்த சொந்தம். அக்கா வீட்டுக்குக் கடை உண்டு, தங்கச்சி வீட்டுக்கு இல்லை. இந்தியாவிலேயே ரேஷன் கடை இல்லாத ஊர்னு புதுச்சேரிக்காரங்க எரிச்சலோட சொல்லிக்கிட்டது இதனாலதான்.

2024 மக்களவைத் தேர்தல்ல ஆளும் கூட்டணியின் நமச்சிவாயம், காங்கிரஸின் வைத்திலிங்கத்துக்கிட்ட தோத்தார். மூடின ரேஷன் கடைதான் காரணம்னு கூட்டணிக்குள்ளயே பேச்சு. அந்த அக்டோபர்ல, தீபாவளிக்கு முன்னாடி, முதல்வர் ரங்கசாமி கடைகளைத் திறந்தார். 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை.

மூடிக் கிடந்த அத்தனை வருஷமும் சம்பள நிலுவை கேட்டுத் தெருவுல உட்கார்ந்தாங்களே ரேஷன் கடை ஊழியர்கள், அவங்க கதை அடுத்த பகுதியில.