ராஜா மட்டும் மேடைக்கு வரவில்லை

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பில், "இங்கே யாரும் ஃபோனை எடுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலையிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எடுத்துப் பார்த்தேன். "அண்ணா, நீங்கள் மட்டும் பார்க்கலாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். "பெரிய ஆட்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். லொங்குய்ய்க்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

பள்ளியில் படித்த மோலியரின் 'தர்த்தூஃப்' நினைவுக்கு வந்தது. உங்களில் சிலரும் பிரெஞ்சு வகுப்பில் படித்திருப்பீர்கள். பக்திமான் வேடம் போட்டு ஒரு குடும்பத்தின் சொத்தைச் சுருட்டப் பார்ப்பவனின் கதை. 1664இல் வெர்சாயில் நடித்தவுடன் தடை வந்தது. அது முழுதாக நீங்க 1669 ஆனது.

நம் கியூபெக்கிலும் ஒரு கதை உண்டு. 1694இல் ஆளுநர் ஃப்ரோந்தெனாக் இந்த நாடகத்தைப் போடப்போகிறார் என்று பேச்சு எழுந்தது. அதை நிறுத்த ஆயர் சேன்-வலியே அவருக்கு 100 பிஸ்தோல் காசு கொடுத்தார். ஆளுநரும் வாங்கிக்கொண்டார். போலிகளைப் பற்றிய நாடகம் மேடை ஏறவில்லை. ஆனால் கொடுத்தவரும் வாங்கியவரும் ஊருக்குத் தெரிந்துவிட்டார்கள்.

இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு நாடகம் பிறந்திருக்கிறது. பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. எழுதியவர் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ அரசர் முதலாம் மகேந்திரவர்மன். மொழி சமஸ்கிருதமும் பிராகிருதமும். கதை நடப்பது காஞ்சித் தெருவில்.

குடிபோதையில் இருக்கும் காபாலிகத் துறவி ஒருவர், பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறார். வழியில் வந்த புத்த பிக்குதான் திருடினார் என்று சண்டை பிடிக்கிறார். அந்தப் பிக்குவோ, மதுவையும் பெண்களையும் அனுமதிக்கும் பகுதியைக் கிழட்டுப் பிக்குகள் நூலிலிருந்து ஒளித்துவிட்டார்களோ என்று ஏங்குபவர். காபாலிகரின் துணைவி தேவசோமாவும் உடன் இருக்க, நியாயம் சொல்ல ஒரு பாசுபதர் வருகிறார். கடைசியில் மண்டையோட்டைத் தூக்கிப்போனது ஒரு நாய். அதைக் கொண்டுவந்து சேர்ப்பவன் ஒரு பைத்தியக்காரன்.

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்றதும், மடத்துப் பணம் உள்ளவர் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், ஏழைகளான எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறாள் தேவசோமா. அது யாருடைய நீதிமன்றம்? எழுதிய அரசருடையதுதான். தன் ஆட்சியின் ஓட்டையைத் தானே மேடையில் சொல்லவிட்ட அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். துறவி, பிக்கு, அதிகாரி எல்லோரும் மாட்டுகிறார்கள், அரசர் மாட்டவில்லை. மோலியரும் அப்படித்தான்: முடிவில் மன்னரின் அதிகாரி வந்து போலியைக் கைது செய்கிறார், மன்னருக்குப் புகழ் பாடுகிறார். மென்பொருள் வேலையில், எழுதியவரே அதைச் சோதித்தால் போதாது என்போம். தன் பிழை தன் கண்ணுக்குப் படாது.

அதனால் நாடகம் படிக்கும்போது யார் போலி என்று மட்டும் தேடாதீர்கள். யாரை மேடைக்கே கொண்டுவரவில்லை என்றும் கேளுங்கள். வீட்டிலும் கோயிலிலும் வகுப்பிலும் கேளுங்கள்.

அந்த வகுப்பில் ராஜா நான்தான். வரும் சனிக்கிழமை என் ஃபோனும் பெட்டிக்குள் போகும். அதற்கு முன் அந்தத் தங்கச்சியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.