மாவல்லாத மாவும் ஒரு நூல் நச்சுயிரியும்

ருடால்ஃப் விர்கோ என்னும் ஜெர்மானிய மருத்துவர், மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட சின்னஞ்சிறு உருண்டைகளின்மேல் முதலில் அயோடினையும் பிறகு கந்தக அமிலத்தையும் விட்டபோது அவை மாவுப்பொருளைப் போல் நிறம் மாறியதால், மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு 1854இல் அவற்றுக்கு ‘அமைலாய்டு’ என்று பெயரிட்டார். அவ்வுருண்டைகளைப் பொறுத்தவரை அவர் கணிப்பில் பெரும்பிழை இல்லை. ஆனால் மெழுகுபோல் இறுகிய மண்ணீரல், கல்லீரல் படிவுகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தகைய மண்ணீரலில் இருப்பது மாவன்று, புரதமே என்று ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் 1859இல் காட்டிய பின்னரும் பெயர் மாறவில்லை.

அலோயிஸ் அல்சைமர் 1906இல் விவரித்த நோயாளியின் மூளைத் திட்டுகளும் இவ்வினத்தவையே என்பதைத் துணிச் சாயமான காங்கோ சிவப்பு காட்டிக்கொடுத்தது. மின்னணு நுண்ணோக்கி வந்தபின், 1959இல், அமைலாய்டு என்பது மெல்லிய இழைகளின் கற்றை என்பது தெளிவாயிற்று.

இப்படிவுகளுக்கும் பாக்டீரியாவைத் தொற்றும் நச்சுயிரிகளுக்கும் அன்று யாரும் உறவு தேடவில்லை. மியூனிக்கில் ஹோஃப்ஷ்னைடர் 1963இல் அறிவித்த எம்13 என்பது, தலையும் வாலுமாக அமையும் வழக்கமான வடிவம் இன்றி, ஏறத்தாழ 900 நானோமீட்டர் நீளமும் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 7 நானோமீட்டர் தடிப்பும் கொண்ட நூல். சுமார் 2,700 உறைப்புரதங்கள் அதைப் போர்த்தியிருக்க, ஒரு முனையில் மட்டும் வேறொரு புரதத்தின் ஐந்து பிரதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவின் மேனியிலுள்ள நுண்மயிரைப் பற்றி உள்ளே நுழைய வழிசெய்வது இம்முனையே.

ஜார்ஜ் ஸ்மித் 1985இல் இவ்வகை நச்சுயிரியின் முனையில் அயல் புரதத்தை ஒட்டவைக்கும் வழியைக் கண்டதும், அது ஆய்வகங்களின் சுமைவண்டியாயிற்று. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் பெக்கா சாலமன் அமைலாய்டைப் பற்றும் எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட பொருளை அடையாளம் கண்டு ஒட்டும் புரதத்தை, அதில் ஏற்றி எலிகளின் மூக்கு வழியே மூளைக்கு அனுப்பிய ஆய்வை 2002இல் வெளியிட்டார். வியப்பு பின்னர்தான் வந்தது: ஒப்பீட்டுக்காக வைத்திருந்த, எதிர்ப்பொருள் ஏற்றாத வெறும் நச்சுயிரியும் இழைகளைப் பற்றிக் கலைத்தது. சரக்கைவிட வண்டியே வேலை செய்திருந்தது. நுண்மயிரைப் பற்றும் அதே முனைப்புரதம்தான் இழைகளையும் பற்றுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு விளக்கியது.

அம்முனையின் பகுதியை மனித எதிர்ப்பொருளின் ஒரு துண்டோடு இணைத்து என்பிடி088 என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. எலிகளில் குறைந்த படிவு மனிதரில் குறையவில்லை. தொடக்கக் கட்டச் சோதனையோடு அம்முயற்சி கைவிடப்பட்டது.