வஜீராபாத் கற்பித்த பாடம்

தலைநகரில் குடியேறி வாழும் நம்மவர் பலர், குழாயைத் திறந்ததும் நீர் வருவதை இயல்பென்றே எண்ணுகிறோம். அந்நீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

1955ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபின் யமுனை தன் போக்கைச் சற்றே மாற்றிக்கொண்டது. அதனால் நஜப்கர் வடிகாலின் சாக்கடைநீர், வஜீராபாத் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுநீரை எடுக்கும் துறைவரை மேலேறிற்று. நவம்பர் நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம் இந்நிலை நீடித்தது. அபாயம் அறிந்த நிலையத்தார் படிகாரத்தையும் குளோரினையும் மிகுதியாகச் சேர்த்தனர். அதன் பயனாக டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆயினும் டிசம்பர் தொடங்கி 1956 ஜனவரி வரை சுமார் 29,000 பேரை மஞ்சட்காமாலை பற்றியது. கருவுற்ற தாய்மாரிடையே மரணம் மிகுந்திருந்தது.

பாக்டீரியாக்களை அடக்கிய குளோரினுக்கு வைரஸ் முற்றிலும் அடங்கவில்லை. அழுக்கு மிகுந்த நீரில் குளோரினின் பெரும்பகுதி அவ்வழுக்கிலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சியது வேலை செய்யவோ போதிய நேரம் வேண்டும். அந்நோயாளிகளிடம் எடுத்துச் சேமித்திருந்த இரத்தநீரை 1980இல் ஆராய்ந்தபோது, அது ஹெபடைடிஸ் 'ஏ' அன்று என்பது புலனாயிற்று. இன்று அதனை ஹெபடைடிஸ் 'ஈ' என்கிறோம்.

1959இல் வஜீராபாத்தில், வடிகால் கலக்குமிடத்திற்கு மேலே, யமுனையின் குறுக்கே தடுப்பணை எழுந்தது. நீரை நன்கு தெளிவித்து வடிகட்டிய பின்னரே குளோரின் தன் முழுப் பயனைத் தரும். அதற்கும் முற்பட்ட கடமை, எடுக்கும் நீரில் சாக்கடை கலவாமல் காப்பதே. இதனை நாம் பெருவிலை கொடுத்தே கற்றோம்.