ரோனியோவில் உருண்ட பான்ஜோ பாடம்

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோவில் பாடக் குறிப்புகளை உருட்டி எடுத்தவன் நான். விரலெல்லாம் மையாகும். அதனாலோ என்னவோ, அமெரிக்கக் கிராமியப் பாடகர் பீற் சீகரின் வரலாற்றில் என்னை முதலில் ஈர்த்தது ஒரு ரோனியோப் புத்தகம்தான்.

சீகர் 1919இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1936இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த கிராமியக் கலைவிழா ஒன்றில் ஐந்து தந்திப் பான்ஜோவைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார். நம்மூர் றபானைப் போலத் தோல் போர்த்திய வட்டத்தில் நீண்ட கழுத்தும் தந்திகளும் பூட்டிய வாத்தியம் அது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் சுரைக்குடுக்கையில் செய்ததே அதன் மூலம். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட சீகர், கிராமியக் கலைஞரைக் கேட்டும் பார்த்தும் அந்த வித்தையைக் கற்றார். கற்றதை எல்லோரும் பயில 1948இல் தாமே எழுதி, ரோனியோ செய்து நூலாக்கினார்.

1950இல் அவரது 'வீவர்ஸ்' குழுவின் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. ஆனால் அது கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம். சீகரோ அக்கட்சியில் இருந்தவர். ஸ்டாலினின் கொடுமைகளைக் காணத் தவறியதற்காகப் பின்னாளில் அவர் வருந்தியதுமுண்டு. மேடைகள் மறுக்கப்பட, 1952இல் குழு கலைந்தது. 1955இல் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் நின்றவர், தம் நம்பிக்கைகளைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்தார். 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது.

தொலைக்காட்சி கதவடைத்த அந்த ஆண்டுகளில் அவர் எங்கே போனார்? பாடசாலைகளுக்கும், சிறுவர் முகாம்களுக்கும், கல்லூரிகளுக்கும் போனார். வரியை முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துச் சபையையே பாடவைப்பது அவர் வழக்கம். 1957இல் டெனசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளியில் அவர் பாடிய 'நாம் வெல்வோம்' பாடலைக் கேட்டவர்களுள் மாட்டின் லூதர் கிங்கும் ஒருவர். மேடையை மறுத்தவர்கள் வகுப்பறையை மறந்துவிட்டார்கள். அங்கே பாடப் பழகிய இளைஞர்களே அடுத்த தசாப்தத்தின் கிராமிய இசை எழுச்சிக்குச் செவிகொடுத்தார்கள்.

2009 ஜனவரியில், ஒபாமாவின் பதவியேற்பையொட்டிய விழாவில், 89 வயதுச் சீகர் வாஷிங்டனில் பாடினார். அப்போதும் சபைக்கு வரியைச் சொல்லிக் கொடுத்துத்தான் பாடினார். 2014இல் மறைந்தார்.

இதை எழுதும்போது, வகுப்பில் மேசையைத் தட்டிப் பாடிய மாணவரை நான் எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன் என்பது நினைவில் வந்து உறுத்துகிறது.