ராஜ்தூத் 350: அசலும் திருத்தமும்

ஒன்றரை ஆண்டுக்கு முன் ஹரியானாவில் ஒரு மாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். 1985ஆம் ஆண்டு வண்டி. விற்றவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘அஸ்லி’ என்பதே. நம் பத்திரங்களிலும் கடன் கணக்குகளிலும் வழங்கும் ‘அசல்’ என்பதற்கு அது உறவுச் சொல். இரண்டுக்கும் மூலம், வேர் என்று பொருள்படும் அரபுச் சொல்லே அடி. மொழியியல் படித்த எனக்கு அன்று அந்தச் சொற்பிறப்புதான் நினைவுக்கு வந்தது. எஞ்சினைப் பிரித்த பிறகோ வேறொரு கேள்வி எழுந்தது: இந்த வண்டிக்கு எது அசல்?

யமஹா நிறுவனம் 1973இல் வெளியிட்ட ஆர்டி 350 இதன் முன்னோடி. அருகருகே நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 64 மி.மீ. விட்டம், 54 மி.மீ. பிஸ்டன் ஓட்டம், மொத்தம் 347 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ரீட் வால்வு, ஆறு கியர்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், ஏறத்தாழ 39 குதிரைத்திறன். 1976இல் ஆர்டி 400 வந்ததும் வெளிநாடுகளில் இதன் காலம் முடிந்தது. அதற்கும் சில ஆண்டுகள் கழித்து, 1983இல், அதே வண்டி டெல்லிக்குத் தெற்கே ஃபரீதாபாத்தில் மறுபிறவி எடுத்தது.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1944இல் லாகூரில் தொடங்கப்பட்டது; பிரிவினையால் டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. புதிய ஃபரீதாபாத் நகரமும், வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1949 முதல் எழுப்பப்பட்டதே. போலந்து நாட்டு எஸ்ஹெச்எல் வண்டியைத் தழுவி எஸ்கார்ட்ஸ் அறுபதுகளிலிருந்து செய்த ராஜ்தூத் 175, வட இந்தியக் கிராமங்களில் பால்காரர்களின் வண்டியாயிற்று. அந்தப் பெயரையே யமஹாவின் பந்தய மரபில் வந்த இரட்டை சிலிண்டர் வண்டிக்கும் இட்டார்கள். ராஜ்தூத் என்றால் அரசத் தூதன். போலந்துக்கும் ஜப்பானுக்கும் ஒரே தூதன்!

ஆனால் வந்தது ஜப்பானிய வண்டியின் நேர்ப்படி அன்று. டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக் அமைந்தது. எஞ்சினின் திறன் முதலில் 30 குதிரைத்திறனை ஒட்டியும், பின்வந்த வகையில் 27 அளவுக்கும் குறைக்கப்பட்டது. முன்னதை ‘ஹைடார்க்’ என்றும் பின்னதை ‘லோடார்க்’ என்றும் இன்றும் பிரித்துச் சொல்வர். தொடக்க கால வண்டிகளில் ஜப்பானிய உதிரிபாகங்கள் மிகுதி; போகப்போக உள்நாட்டில் செய்தவை அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அதே 1983இன் இறுதியில், அதே ஹரியானாவின் குர்காவுனில் மாருதி 800 வெளிவந்தது. இரண்டும் ஜப்பானியக் கூட்டுறவின் பயன்கள். ஆனால் மாருதி, நடுத்தரக் குடும்பத்தின் பெட்ரோல் செலவைக் கணக்கில் கொண்ட வண்டி. ராஜ்தூத் 350 அப்படியன்று. 1984இல் இந்த்-சுசுகியும் 1985இல் ஹீரோ ஹோண்டாவும் 100 சி.சி. வண்டிகளைக் கொணர்ந்தன. எஸ்கார்ட்ஸே 1985இல் ஆர்எக்ஸ் 100ஐ வெளியிட்டுத் தன் பெரிய வண்டிக்குப் போட்டியை உண்டாக்கிக்கொண்டது. 1990 அளவில் 350இன் உற்பத்தி நின்றுபோயிற்று.

இனி என் வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர் வண்டியை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியவை, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதும், கிராங்க்கின் இருமுனை ஆயில் சீல்களின் நிலையும். வலப்பக்க சீல் கெட்டால் கியர் பெட்டியின் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை கக்கும். இடப்பக்க சீல் கெட்டால் வெளிக்காற்று புகும். எரிகலவையில் பெட்ரோல் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும். என் வண்டியின் இடப்பக்கப் பிஸ்டன் அப்படித்தான் இறுகியிருந்தது.

பிஸ்டனின் தலையில் 0.50 என்று பொறித்திருந்தது. அதாவது, சிலிண்டர்கள் ஏற்கெனவே அரை மி.மீ. அகலப்படுத்தப்பட்டிருந்தன. எண்ணெயைத் தானே அளந்து செலுத்தும் பம்ப் அகற்றப்பட்டு, அதன் வாயைக் கையால் வெட்டிய அலுமினியத் தகடு மூடியிருந்தது. பம்பை நம்பாமல் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றிய பழக்கத்தின் சான்று அது. இவற்றைக் காணக்காண, ஏட்டுச்சுவடி ஒன்றில் பின்னோர் எழுதிய ஓரக்குறிப்புகளையும் இடைச்செருகல்களையும் பார்ப்பது போலவே இருந்தது.

பட்டறைப் பெரியவர் ஒருவர் பரிவோடு சொன்னார்: “பேட்டா, முன்னால டிஸ்க் போட்டுடலாம். அதுதானே அஸ்லி?” அவர் சொன்னதில் நியாயம் உண்டு; இவ்வளவு வேகம் கொண்ட வண்டிக்கு அந்த டிரம் பிரேக் போதாது என்பது பலர் சொல்லும் குறை. ஆனால் டிஸ்க் ஜப்பானிய மூலத்துக்கு உரியது. ஃபரீதாபாத் வண்டியின் அசல் டிரம்தான். மூல ஆசிரியரின் பாடத்தை மீட்பதாகக் கருதி, ஒரு வட்டார வழக்கின் பாடத்தையே அழித்துவிடும் பதிப்பாசிரியனின் இக்கட்டு இது.

சட்டமும் இதே கேள்வியைக் கேட்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருப்பதே ‘விண்டேஜ்’ வாகனம். ஊரார் அனைவரும் விண்டேஜ் என்று போற்றும் ராஜ்தூத் 350களில் மிக மூத்ததும் 2033க்கு முன் அத்தகுதியைப் பெறாது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் பிறப்பித்த தடையை, 2018இல் உச்ச நீதிமன்றம் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன் தொடர்பான வழக்குகள் பின்னரும் நீண்டன. ஃபரீதாபாத் அவ்வட்டாரத்துக்குள்ளேயே இருப்பதால், தான் பிறந்த ஊரின் சாலையிலேயே இவ்வண்டி அயலானாயிற்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கக்கும் புகையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் நச்சுக்காற்றுக்கும் நினைவுக்கும் இடையில் நாம் செய்யும் தேர்வுகளில் எது கழிக்கப்படுகிறது என்பதை அறிந்தே கழிக்க வேண்டும்.

இறுதியில் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டேன். புதிய லைனிங் பொருத்தியிருக்கிறது. சிலிண்டர்களை 0.75க்கு அகலப்படுத்தினோம், இன்னும் ஒருமுறைக்கே இடமுண்டு. எண்ணெய் பம்பை மீண்டும் பொருத்தினோம். கழற்றிய அலுமினியத் தகட்டை எறியவில்லை. எவரோ ஒரு தொழிலாளி ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்த தடம் அதில் தெளிவாகத் தெரிகிறது. எந்த ஆவணக் காப்பகத்திலும் அவருக்குக் கோப்பு இராது. சென்ற வாரம் இரண்டு சிலிண்டர்களும் ஒருசேர இயங்கின. வண்டி இன்னும் பட்டறை வாசலைத் தாண்டவில்லை.

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரிப்பதற்கு முன் படமெடுங்கள், கழற்றியவற்றைப் பெயரெழுதி வையுங்கள். எண்பதுகளில் ஃபரீதாபாத் ஆலைகளில் பணியாற்றியவர்களை, அல்லது அவர்கள் குடும்பத்தாரை அறிந்தவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். அவர்களிடம் கேட்க என்னிடம் ஒரு நோட்டு நிறையக் கேள்விகள் இருக்கின்றன.