தறிக்குழியில் நனைந்த களஞ்சியம்

மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுத்துக்கோங்க.

போன மாசம் அக்கா பேரன் லீவுக்கு வந்திருந்தான். நாலாங்கிளாஸ். வந்த ரெண்டாம் நாளே ஒரு கேள்வி. "தாத்தா, புழுவைக் கொன்னுதான் பட்டு எடுக்கறாங்களாமே, நிஜமா?"

நிஜம்தான். கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை அறாமல் வரும். ஆமாடான்னு சொல்லிட்டேன். அடுத்து எப்படி, எவ்வளவு நீளம், எத்தனை நாள்னு கேட்டப்போ முழி பிதுங்கிடுச்சு. ஐயம்பேட்டையில் பொறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். ஆனா எங்களுக்குப் பட்டுன்னா கர்நாடகத்திலிருந்து வந்து, சாயம் போட்டு, பாவுக்கும் ஊடைக்கும் ஏறும் நூல். அதுக்கு முந்தின கதையை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"தமிழ்ல புக் இருக்கா?"ன்னான். இருந்தது. நான்தான் அதைக் கெடுத்தேன்.

எங்க தெருவில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் வீட்டு அலமாரியில் 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதியும் வரிசையா நிக்கும். அப்போ எனக்குப் பத்து வயசு, 1980 வாக்கில். பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு ஒரு வருஷம் அப்பாவோட தறியில் உட்கார்ந்திருந்தேன். கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கக் கரையில் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையனோ பொண்ணோதான். வாத்தியார் அப்பாகிட்ட சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கலை. அப்புறம் வாரத்துக்கு ஒரு தொகுதின்னு எனக்குக் கொடுக்க ஆரம்பிச்சார்.

தறிக்குழி ஓரத்தில் வெச்சுப் படிப்பேன். 'ப' வரிசை வந்த தொகுதியை வாங்கின வாரம் அடைமழை. ராத்திரியில் குழிக்குள் தண்ணி ஏறிடுச்சு. காலையில் பார்த்தா புத்தகம் ஊறின அப்பளம். வாத்தியார் அதை வாங்கி ஒரு முறை புரட்டினார், ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய் அடுத்த தொகுதியை எடுத்துட்டு வந்து கொடுத்தார். அதுக்குத் திட்டியிருக்கலாம்னு இப்பவும் தோணும்.

சரி, அந்தப் புத்தகத்தை உண்டாக்கினது யார்னு பார்ப்போம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-ல் ஆரம்பிச்சவர் தி.சு.அவினாசிலிங்கம். அப்போ சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். தமிழுக்கு ஒரு கலைக்களஞ்சியம் வேணும்னு கிளம்பி, முதன்மை ஆசிரியராப் பெரியசாமித் தூரனைக் கொண்டு வந்தார். தூரன் ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர், அவினாசிலிங்கத்தின் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியாரா இருந்தவர். கச்சேரி கேட்கிறவங்களுக்கு அவரைக் கீர்த்தனை எழுதினவராத் தெரியும். 1954-ல் முதல் தொகுதி, 1968-ல் பத்தாவது. ஒரு மனுஷனுக்கு இது போதும்தானே? அதே 1968-லேயே குழந்தைகளுக்கான முதல் தொகுதியையும் கொண்டு வந்தார். 1976-க்குள் அதிலும் பத்து!

இதுதான் எனக்கு ஆச்சரியம். பெரியவங்களுக்கான பத்துத் தொகுதியைச் சுருக்கி, படம் ஒட்டி விட்டிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. பத்து வயசுப் பையனுக்குப் புரியுற மாதிரி எழுதுவது தனி வேலைன்னு தூரன் நினைச்சார், அதுக்கு இன்னொரு எட்டு வருஷம் உட்கார்ந்தார். பெரிய களஞ்சியம் உருவான கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி 'தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை'ன்னு புத்தகமாவே எழுதியிருக்கார், 2018-ல் காலச்சுவடு வெளியிட்டது. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படிச்சேன். குழந்தைகள் களஞ்சியத்துக்கும் இப்படித் தனியா ஒண்ணு வரணும்னு என் ஆசை.

தமிழில் பசங்களுக்கு எழுதினவங்களைப் பார்த்தா முக்கால்வாசிப் பேர் வேற வேலை பார்த்துக்கிட்டே எழுதினவங்க. அழ.வள்ளியப்பா இந்தியன் வங்கியில் இருந்தார், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் ஆரம்பிச்சார். அறிவியலைத் தமிழில் எழுதின பெ.நா.அப்புசாமி வக்கீல். சம்பளத்துக்கே இந்த வேலையைச் செஞ்ச ஒரு கூட்டமும் இருந்தது, ஆனா மாஸ்கோவில். பூ.சோமசுந்தரம், ரா.கிருஷ்ணையா போன்றவங்க அங்கேயே இருந்து மொழிபெயர்த்த சோவியத் புத்தகங்கள் என்சிபிஹெச் கடைகளில் சல்லிசாக் கிடைக்கும். 1991-ல் சோவியத் யூனியன் போனதோட அந்தப் புத்தக வரத்தும் நின்னது.

அப்புறம்? கடலூரில் தலைமையாசிரியரா இருந்த இரா.நடராசன் வந்தார். கேள்வி கேட்டதால் அடி வாங்கும் பொண்ணைப் பத்தின அவரோட 'ஆயிஷா'வைப் படிச்சுட்டு நான் ஒரு நாள் முழுக்க யார்கிட்டயும் பேசலை. 2014-ல் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' அவருக்கு பால சாகித்ய புரஸ்கார் வாங்கிக் கொடுத்தது. நம்ம யெஸ்.பாலபாரதி (நம்ம ஆளுங்க, வலைப்பதிவிலிருந்து போனவர்! :-)) ஆட்டிசம் பத்தி எளிமையா எழுதினார். சின்னப் பசங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு நாம எல்லாம் முழிக்கிற பாலியல் தொல்லை விஷயத்தை 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'னு கதையாக்கினார். 2020-ல் அதுக்கும் அதே விருது.

ஒரு குறை மட்டும் உண்டு. தறியைப் பத்தி, பாவு போடறதைப் பத்தி, கோர்வை இழுத்த பசங்களைப் பத்திப் பத்து வயசுக்காரன் படிக்கிற மாதிரி ஒரு தமிழ்ப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. தறியில் உட்கார்ந்தவன் எழுதினதை நான் சொல்றேன், வெளியிலிருந்து வந்து பார்த்துட்டு எழுதினதை இல்லை. நானே எழுதலாம்னு நோட்டில் நாலு பக்கம் கிறுக்கியிருக்கேன். முதல் பக்கத்திலேயே 'ஊடை'ன்னா என்னன்னு விளக்க வேண்டியதாயிடுச்சு. அப்போதான் தூரன் பட்ட பாடு லேசாப் புரிஞ்சது.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் படிக்கலாம். ஆனா பேரனுக்கு கம்ப்யூட்டர் கூடாதுன்னு அவங்கம்மா உத்தரவு. அவனுக்குக் கையில் புரட்டணும். வாத்தியார் காலமாகறதுக்கு முந்தி மீதி ஒன்பது தொகுதியையும் என்கிட்டயே கொடுத்துட்டார். 'ப' வரும் தொகுதி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தா சொல்லுங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவேன். இப்போ வீட்டில் தறிக்குழி இல்லை, பயப்பட வேணாம்.