ஔலி

ஔலி என்பது உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமடத்திற்கு மேலே ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரம் வரை அமைந்த பனிச்சறுக்குத் தலமாகும். கோடையில் 'புக்யால்' எனப்படும் மலைப் புல்வெளியாக விளங்கும் இச்சரிவுகளில், மத்தியதரைக் கடற்பகுதியில் உருவாகிக் கிழக்கு நோக்கி நகரும் 'மேற்கத்திய இடையூறு' என்னும் காற்றழுத்தத் தாழ்வுகளால் குளிர்காலத்தில் பனி படிகிறது. ஏறத்தாழ இதே உயரமுள்ள நீலகிரியின் தொட்டபெட்டா (2,637 மீட்டர்) நிலநடுக்கோட்டிற்கு ஔலியைவிட அருகில் இருப்பதால் அங்கு உறைபனி மட்டுமே காணப்படுகிறது. நுனி வளைந்த நீள்பலகைகளைக் காலணியில் பிணைத்துச் சறுக்குவோர், நாற்காலி இழுவையில் மேலேறுகின்றனர். எதிரே நந்தாதேவி (7,816 மீட்டர்) தெரிகிறது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் தாழ்ந்ததையடுத்து, அந்நகரையும் ஔலியையும் இணைக்கும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது.